ரொட்டிச் சொற்களில் இருபொருள்: பகிர்வும் மறதியும்

ஆய்வுச் சுருக்கம்

ரொட்டியையும் வாட்டிய ரொட்டியையும் குறிக்கும் ஆங்கிலச் சொற்கள் உணவைக் கடந்த பல பொருள்களைப் பெற்றுள்ளன. தலைவன், தலைவி, தோழன், வணிகக் குழு, பணம், பாராட்டு, அழிவு ஆகியன அவற்றுள் அடங்கும். இவ்விருபொருள் நிலைகளைத் தற்செயல், புதைவு, உயிர்ப்பு என மூவகைப்படுத்தி இக்கட்டுரை ஆராய்கிறது. உணவிடுவோர்க்கும் உண்போர்க்கும் இடையிலான உறவே இச்சொற்களின் பொருள்விரிவுக்கு அடிப்படை என்பதும், அவ்வுறவு சொல்லளவில் மறக்கப்பட்ட பின்னரும் உணவுத் தட்டுப்பாட்டின்போது புதிய சொல்விளையாட்டாக மீண்டும் எழுகிறது என்பதும் இதன் முடிபுகள். தமிழில் வழங்கும் பாண், கும்பினி ஆகிய சொற்களும் சோறு சார்ந்த வழக்குகளும் ஒப்பீட்டுக்குக் கொள்ளப்பட்டுள்ளன.

திறவுச்சொற்கள்: சிலேடை, பல பொருள் ஒருசொல், சொற்பிறப்பு, ரொட்டி, டோஸ்ட், பாண், கும்பினி, செஞ்சோற்றுக் கடன்.

1. முன்னுரை

ஒரு சமூகத்தின் முதன்மை உணவைக் குறிக்கும் சொல் அவ்வுணவின் பெயராக மட்டும் நிற்பதில்லை. தமிழில் 'சோறு போடுகிற தொழில்' என்றால் வாழ்வளிக்கும் தொழில். 'சோற்றில் மண்ணைப் போடுதல்' என்றால் பிழைப்பைக் கெடுத்தல். கோதுமையும் பிற தானியங்களும் ரொட்டியாக உண்ணப்பட்ட ஐரோப்பாவிலும் மேற்காசியாவிலும் இவ்விடத்தை ரொட்டி பெற்றது. ஆங்கிலத்தில் ரொட்டியை ஈட்டுபவர் என்னும் தொடர் குடும்பத்தைத் தாங்குபவரைக் குறிக்கிறது. ரொட்டி என்னும் சொல்லே கொச்சை வழக்கில் பணத்தைக் குறிக்கிறது.

இத்தகைய வழக்குகள் பெரும்பாலும் நகைச்சுவைக்குரிய சொல்விளையாட்டுகளாகவே தொகுக்கப்படுகின்றன. அவற்றின் வரலாற்றைத் தொடர்ந்து நோக்கினால், வேடிக்கைக்குரியனவாகத் தோன்றும் இருபொருள்களுள் சில, யார் யாருக்கு உணவிட்டனர், அதற்கு ஈடாக எதனைப் பெற்றனர் என்னும் செய்தியைச் சுமந்து நிற்பது புலப்படும். வேறு சில வெறும் ஒலியொப்புமையால் விளைந்தவை. இவ்விரண்டையும் வேறுபடுத்தாமல் சொற்களைக் கொண்டு சமூக வரலாறு எழுதுவது பிழையான முடிவுகளுக்கு இட்டுச்செல்லும். எனவே அவ்வேறுபாட்டை வரையறுப்பதே இக்கட்டுரையின் முதற்பணியாகிறது.

2. சிலேடையும் சொல்வரலாறும்

தண்டியலங்காரம் சிலேடையைச் செம்மொழிச் சிலேடை, பிரிமொழிச் சிலேடை என இரண்டாகப் பகுக்கிறது. சொல் பிரிவுறாமல் நின்று பல பொருள் தருவது முன்னது. பிரித்து நோக்கும்போது வேறு பொருள் தருவது பின்னது. காளமேகப் புலவரின் தனிப்பாடல்கள் இவ்வணியின் ஆற்றலைத் தமிழ்ப் படிப்பாளிகளிடையே பரவலாக்கின. இப்பகுப்பு சொல்லின் வடிவத்தை அடிப்படையாகக் கொண்டது. இரு பொருள்களும் ஒரே வேரிலிருந்து கிளைத்தவையா, வெவ்வேறு சொற்கள் ஒலியால் ஒன்றினவா என்னும் வினா அணியிலக்கணத்துக்கு இன்றியமையாததன்று. சொல்வரலாற்றுக்கோ அதுவே முதல் வினா.

ஈழத்தமிழில் வழங்கும் 'பாண்' என்னும் சொல் இதற்குத் தக்க சான்று. பழந்தமிழில் பாண் என்பது பாட்டையும் பாணர் குடியையும் குறிக்கும். இன்றைய ஈழத்தமிழில் அது அடுமனையில் சுடப்படும் ரொட்டியின் பெயர். இப்பிற்காலச் சொல் போர்த்துகீசிய மொழியிலிருந்து வந்தது. அம்மொழியின் மூலச்சொல் 'பானிஸ்' என்னும் இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல். மும்பையிலும் கோவாவிலும் வழங்கும் 'பாவ்', சப்பானிய மொழியின் 'பான்' ஆகியனவும் இம்மூலத்தைச் சார்ந்தவை.

ஆகவே பாட்டைக் குறிக்கும் பாணும் ரொட்டியைக் குறிக்கும் பாணும் வேற்றுச் சொற்கள். இலங்கைத் தெருக்களில் இசையை ஒலிக்கவிட்டவாறு வரும் முச்சக்கர வண்டிகள் 'சூன் பாண்' விற்கின்றன. மெட்டு என்னும் பொருளுடைய ஆங்கிலச் சொல்லின் பேச்சுத் திரிபே இதிலுள்ள 'சூன்'. பாட்டோடு வரும் பாண் என்பது பழஞ்சொல்லறிந்தார்க்கு இயல்பான சிலேடையாக அமையும். ஆயினும் அதனைக் கொண்டு பாணர் மரபுக்கும் ரொட்டி விற்பனைக்கும் வரலாற்றுத் தொடர்பு கற்பித்தல் பொருந்தாது. இத்தகையவற்றைத் தற்செயல் இருபொருள் எனலாம்.

சொல்லின் பழம்பொருள் அதன் வடிவுக்குள் மறைந்து, பேசுவோர் அதனை அறியாமலேயே வழங்கும் நிலை இரண்டாவது வகை. இதனைப் புதைவு எனக் குறிக்கலாம். இரு பொருள்களையும் பேசுவோர் உணர்ந்து, ஒன்றால் மற்றொன்றைச் சுட்டும் நிலை மூன்றாவது வகை; இது உயிர்ப்பு. இனி வரும் பகுதிகள் இம்மூவகைகளையும் குறித்த சொற்களின் வழி நோக்குகின்றன.

3. ரொட்டி காப்போன், மா பிசைவோள், ரொட்டி உண்போன்

பழைய ஆங்கிலத்தில் ரொட்டியைக் குறித்த பொதுச்சொல் 'ஹ்லாஃப்'. இன்று பொதுச்சொல்லாக விளங்கும் 'பிரெட்' அக்காலத்தில் அருகியே வழங்கியது. துண்டு என்பதே அதன் தொடக்கப் பொருள் என்பது பலர் கொள்ளும் கருத்து. 1200-ஐ ஒட்டிய காலத்தில் 'பிரெட்' பொதுப்பெயராகியது. 'ஹ்லாஃப்' என்பது 'லோஃப்' எனத் திரிந்து, முழுதாகச் சுட்ட ஒரு ரொட்டியைக் குறிப்பதாகச் சுருங்கியது.

பெயர் சுருங்குவதற்கு முன்னரே அச்சொல் சமூக உறவுகளில் வேரூன்றியிருந்தது. ரொட்டியைக் காப்பவன் என்னும் பொருளுடைய 'ஹ்லாஃப்வெயர்ட்' என்னும் கூட்டுச்சொல் 'ஹ்லாஃபோர்ட்' எனக் குறுகி, இறுதியில் 'லார்டு' ஆயிற்று. மா பிசைபவள் என்னும் பொருளுடைய 'ஹ்லேஃப்டியெ' என்பது 'லேடி' ஆயிற்று. இதன் இரண்டாம் உறுப்பு, பிசைந்த மாவைக் குறிக்கும் 'டோ' என்னும் சொல்லோடு ஒரே வேரைச் சார்ந்தது. முதல் விளைச்சலின் கோதுமையால் சுட்ட ரொட்டியைக் கோயிலில் படைக்கும் ஆகஸ்ட் 1-ஆம் நாள் திருவிழாவும் 'ஹ்லாஃப்' என்னும் சொல்லடியாகவே 'லாமஸ்' எனப் பெயர்பெற்றது.

இவ்வரிசையில் மூன்றாவதாக 'ஹ்லாஃபேட்டா' என்னும் சொல் உண்டு. ரொட்டி உண்பவன் என்பது அதன் நேர்ப்பொருள். ஒருவனது வீட்டில் உணவுபெற்று அவனைச் சார்ந்து வாழ்பவன் என்பது வழக்குப்பொருள். 600-ஐ ஒட்டிக் கென்ட் நாட்டை ஆண்ட ஏத்தல்பெர்ட் மன்னனின் சட்டத் தொகுப்பில் இச்சொல் இடம்பெறுகிறது. குடியானவன் ஒருவனின் ஹ்லாஃபேட்டாவைக் கொன்றவன் 6 ஷில்லிங் ஈடு செலுத்தவேண்டும் என்பது அவ்விதி. ஆங்கில மொழியில் எழுதப்பட்ட மிகப் பழைய சட்டநூல் இதுவே. 12-ஆம் நூற்றாண்டில் ரோச்செஸ்டரில் எழுதப்பட்ட சுவடியின் வழியாக இது கிடைத்துள்ளது.

ரொட்டி உண்போன் மன்னனையோ பிரபுவையோ மட்டும் சார்ந்தவன் அல்லன் என்பது இவ்விதியால் பெறப்படும் முக்கியச் செய்தி. குடியானவனும் உணவிடும் நிலையில் ஒரு தலைவனே. ரொட்டியைக் காத்தல், ஆக்கல், உண்ணல் என்னும் மூன்று செயல்களும் ஒரு வீட்டுக்குள் மூவரது நிலையை வரையறுத்தன. பிற்காலத்தில் 'லார்டு' என்பது நிலவுடைமைக்கும் பிறப்புரிமைக்கும் உரிய பட்டமாக உயர்ந்தபோது, காக்கும் கடமையை உணர்த்திய உறுப்பு ஒலித்திரிபால் அடையாளமிழந்தது. 'ஹ்லாஃபேட்டா' வழக்கொழிந்தது. தலைவனது பெயர் நிலைத்தது. அவன் கடமைக்குச் சான்றாக நின்ற உண்போனின் பெயர் மறைந்தது.

தமிழ் மரபு இதனோடு ஒப்பிடத்தக்கது. போர்மேற்செல்லும் மன்னன் வீரர்க்குச் சோறளித்தலைத் தொல்காப்பியம் வஞ்சித்திணையின் துறைகளுள் ஒன்றாக, பெருஞ்சோற்றுநிலை என வகுத்துள்ளது. புறநானூற்றின் இரண்டாம் பாட்டில் முரஞ்சியூர் முடிநாகனாரால் பாடப்பெற்ற சேரமன்னன் பெருஞ்சோற்று உதியஞ்சேரலாதன் எனப் பெயர் பெறுகிறான். உணவிடுதல் இங்கும் தலைமையின் அடையாளம். உண்டவன் பட்ட கடன் செஞ்சோற்றுக் கடன் எனப்பட்டது; உண்ட வீட்டுக்கு இரண்டகம் நினைத்தல் பெருங்குற்றமாகக் கருதப்பட்டது. ஆயின் ஒரு வேறுபாடு உண்டு. 'பெருஞ்சோற்று' என்னும் அடையிலும் 'செஞ்சோற்றுக் கடன்' என்னும் தொடரிலும் சோறு இன்றும் வெளிப்படையாக விளங்குகிறது. ஆங்கிலத்தில் ரொட்டி 'லார்டு' என்னும் சொல்லுக்குள் கண்ணுக்குப் புலப்படாமல் புதைந்துள்ளது.

4. உடனுண்பவர்

மேலும் கீழுமாக அமைந்த உறவை 'லார்டு' உணர்த்தியது போலவே, சமனிலை உறவொன்றையும் ரொட்டி உணர்த்தியது. 'கம்பேனியன்' என்னும் ஆங்கிலச் சொல் பிரெஞ்சு வழியாக வந்தது. உடன் என்னும் பொருளுடைய முன்னொட்டும் 'பானிஸ்' என்னும் இலத்தீன் சொல்லும் சேர்ந்தது அதன் மூலவடிவம். ரொட்டியை உடனுண்பவன் என்பது பொருள். பிராங்கியரின் சாலிக் சட்டத் தொகுப்பில் இவ்வடிவம் காணப்படுகிறது.

செவ்விய இலத்தீனில் இல்லாத இச்சொல், செருமானிய மொழியினரின் சொல்லமைப்பைப் பின்பற்றி ஆக்கப்பட்டதாகும் என்பது சொற்பிறப்பு அறிஞர் பலரின் கருத்து. 4-ஆம் நூற்றாண்டில் உல்ஃபிலாவின் மொழிபெயர்ப்பாகத் தோன்றிய கோத்திய விவிலியத்தில் 'கஹ்லைபா' என்னும் சொல் தோழனைக் குறிக்க வழங்குவது இதற்கு வலுவூட்டுகிறது. அதுவும் உடன் என்னும் முன்னொட்டையும் ரொட்டியைக் குறிக்கும் சொல்லையும் கொண்டது. அதன் பின்னுறுப்பு 'ஹ்லாஃப்' என்பதன் இனச்சொல். ஆகவே 'லார்டு', 'கம்பேனியன்' ஆகிய இரண்டும் வேற்று மொழிகளின் ஒலிகளை உடையனவாயினும் ஒரே சிந்தனை மரபில் உருவானவை எனக் கொள்ளலாம். படையிலும் பயணத்திலும் ஒரே ரொட்டியைப் பங்கிட்டோர் தோழராயினர். அத்தகையோரின் கூட்டம் 'கம்பெனி' எனப்பட்டது. படைப்பிரிவு, நாடகக் குழு, முதலிட்டு வணிகம் செய்வோர் குழு என அச்சொல் விரிந்தபோது உடனுண்ணல் மறைந்து கூட்டுரிமை மட்டும் எஞ்சியது.

5. டோஸ்ட்: கிண்ணத்திலிருந்து சொல்லுக்கு

'டோஸ்ட்' என்னும் சொல்லின் வரலாறு இம்மறதி எவ்வாறு படிப்படியாக நிகழ்கிறது என்பதைத் தெளிவாகக் காட்டும். வறட்டுதல், சுடுதல் என்னும் பொருளுடைய இலத்தீன் வினையின் எச்சவடிவிலிருந்து பழைய பிரெஞ்சு வழியாக இச்சொல் ஆங்கிலத்துக்கு வந்தது. நெருப்பில் வாட்டிய ரொட்டித் துண்டு என்பதே தொடக்கப்பொருள். நறுமணப் பொருள் தூவி வாட்டிய அத்துண்டை மதுக்கிண்ணத்தில் இடுவது வழக்கமாக இருந்தது. சேக்சுபியரின் விண்ட்சர் மனைவியர் நாடகத்தில் ஃபால்ஸ்டாஃப் தனக்கு மது கொண்டுவரச் சொல்லும்போது அதில் டோஸ்ட் இடுமாறு கேட்பது இவ்வழக்கத்துக்குச் சான்று.

1700-ஐ ஒட்டிய காலத்தில் இச்சொல் ஒரு பெண்ணைக் குறிக்கத் தொடங்கியது. விருந்தில் யாருடைய நலத்தை வாழ்த்தி மது அருந்தப்பட்டதோ அப்பெண் 'டோஸ்ட்' எனப்பட்டாள். ரிச்சர்டு ஸ்டீல் தம் 'டாட்லர்' இதழின் 24-ஆம் எண்ணில், 1709-ஆம் ஆண்டில், இதற்கு ஒரு தோற்றக் கதை கூறுகிறார். இரண்டாம் சார்லஸ் மன்னன் காலத்தில் பாத் நகரின் நீராடுதுறையில் அழகி ஒருத்தி நீரில் நின்றிருந்தாள். அவளை விரும்பிய ஒருவன் அந்நீரையே கிண்ணத்தில் முகந்து அவள் நலம் வாழ்த்திக் குடித்தான். மது மயக்கத்தில் அங்கிருந்த மற்றொருவன், பானம் தனக்கு வேண்டா, அதிலுள்ள டோஸ்டே வேண்டும் என்றானாம்.

இக்கதை வரலாற்று நிகழ்ச்சியா என்பதைவிட அதன் சொல்லமைப்பே இங்குக் கருதத்தக்கது. கிண்ணத்துப் பானத்தில் கிடக்கும் ரொட்டி, நீராடுதுறையில் நிற்கும் பெண் ஆகிய இரண்டும் ஒரே சொல்லுக்குள் வருகின்றன. கதையைப் படித்தோர் இரு பொருளையும் உணர்ந்தே நகைத்தனர். தண்டியலங்கார நெறிப்படி இது செம்மொழிச் சிலேடை. பானத்துக்குச் சுவையூட்டும் பொருளாகப் பெண் சுட்டப்படுவதையும் மறத்தற்கில்லை. வாழ்த்துவோர் ஆடவர், வாழ்த்தப்படுபவள் நுகர்பொருளின் பெயரைப் பெறுகிறாள். விக் கட்சியினரான அரசியலாளரும் எழுத்தாளரும் கூடிய கிட்-கேட் மன்றம் தாம் வாழ்த்திய பெண்களைப் பற்றிய செய்யுள்களைக் கண்ணாடிக் கிண்ணங்களில் பொறித்து வைத்தது இவ்வழக்கின் செல்வாக்கைக் காட்டும்.

அடுத்த கட்டத்தில் 'டோஸ்ட்' வாழ்த்தப்படும் ஆளிலிருந்து வாழ்த்தும் செயலுக்கும், பின்னர் அச்செயலின்போது பேசப்படும் உரைக்கும் பெயராயிற்று. ரொட்டி, கிண்ணம், பெண், செயல், உரை என்னும் வரிசையில் பொருள் நகர்ந்தது. இன்று ஆங்கில விருந்தொன்றில் டோஸ்ட் கூறுவோர் ரொட்டியை நினைப்பதில்லை. உணவுக்குக் குறைவில்லாதோரின் விருந்துகளில் நிகழ்ந்த இப்பொருள்மாற்றத்தில் ரொட்டி எதிர்ப்பின்றி மறைந்தது.

20-ஆம் நூற்றாண்டின் இறுதிப் பகுதியில் அமெரிக்க ஆங்கிலத்தில் அழிவை எதிர்நோக்கியவன் 'டோஸ்ட்' எனப்பட்டான். 1984-இல் வெளிவந்த 'கோஸ்ட்பஸ்டர்ஸ்' திரைப்படம் இவ்வழக்கோடு தொடர்புபடுத்தப்படுகிறது. இப்புதுப்பொருள் மதுக்கிண்ணத்தின் வழி வரவில்லை. நெருப்பில் கருகும் ரொட்டியிலிருந்து நேராகக் கிளைத்தது. பாராட்டும் அழிவும் ஒரே சொல்லில் அமைந்தமைக்குக் காரணம், அவை ஒரே பொருளின் இருவேறு இயல்புகளிலிருந்து, ஏறத்தாழ 300 ஆண்டு இடைவெளியில், தனித்தனியே எழுந்தமையேயாகும்.

6. எடை, பணம், தலை

ஏழைகளின் உணவு வழங்கலில் ரொட்டிச் சொற்கள் பெற்ற இருபொருள் வேறு தன்மையுடையது. 13-ஆம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் ரொட்டிக்கும் மதுவுக்கும் விலைவரம்புச் சட்டம் விதிக்கப்பட்டது. அதன்படி ஒரு ரொட்டியின் விலை நிலையாக இருக்கும்; தானிய விலைக்கேற்ப எடை மாறும். ஒரு பென்னி ரொட்டி என்னும் பெயர் ஆண்டுதோறும் அவ்வாறே வழங்க, அப்பெயர் குறித்த உணவின் அளவு பஞ்சத்தில் சுருங்கியும் வளத்தில் பெருகியும் வந்தது. பெயர் மாறாமையே குறைவை மறைக்கும் திரையாயிற்று. இம்முறை லண்டனில் 1822-இலும் நாட்டின் பிற பகுதிகளில் 1836-இலும் நீக்கப்பட்டது. 1906-ஆம் ஆண்டுப் பொதுத்தேர்தலில் தடையற்ற வணிகத்தை ஆதரித்தோர் பெரிய ரொட்டி, சிறிய ரொட்டி என்னும் இரு படிமங்களைப் பரப்புரைக்குப் பயன்படுத்தினர். ரொட்டியின் அளவு குடும்ப வாழ்வின் அளவாகவே வாக்காளரால் உணரப்பட்டது.

பிசைந்த மாவைக் குறிக்கும் 'டோ' 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் அமெரிக்காவில் பணத்தைக் குறிக்கும் கொச்சைச் சொல்லாயிற்று. 'பிரெட்' என்பதும் 20-ஆம் நூற்றாண்டில் அப்பொருளைப் பெற்று ஜாஸ் இசைஞர்களின் வழக்கில் பரவியது. இவற்றில் உணவுக்கும் அதனை வாங்கும் பொருளுக்கும் உள்ள உறவு வெளிப்படை. ஆயின் கிழக்கு லண்டன் வழக்கில் 'லோஃப்' என்பது தலையைக் குறிப்பதற்கு இத்தகைய காரணம் இல்லை. அவ்வழக்கில் ஒரு சொல்லுக்கு ஈடாக அதனோடு இயைபு பெறும் தொடரைக் கூறுவர். பின்னர் இயைபு பெறும் பகுதியை விட்டுவிட்டு எஞ்சியதை மட்டும் வழங்குவர். 'ஹெட்' என்பதற்கு இயைபாக 'லோஃப் ஆஃப் பிரெட்' வந்து, முடிவில் 'லோஃப்' மட்டும் நின்றது. பாண் போலவே இதுவும் ஒலியால் நேர்ந்த தற்செயல் இருபொருள். ரொட்டிச் சொல் என்பதால் மட்டும் அது ரொட்டி உறவைச் சுமப்பதாகக் கொள்ளக்கூடாது என்பதற்கு இது எச்சரிக்கை.

7. தமிழகத்தில் கும்பினியும் லார்டும்

மேற்கூறிய புதைவு வகைச் சொற்களுள் இரண்டு தமிழகத்தின் அரசியல் வரலாற்றில் நேரடியாக இடம்பெற்றவை. ஆங்கிலேயக் கிழக்கிந்தியக் கம்பெனி 1639-இல் சென்னைப் பகுதியில் இடம்பெற்று, கோட்டை கட்டி, வணிகத்திலிருந்து ஆட்சிக்கு வளர்ந்தது. தமிழர் அதனைக் கும்பினி என்றும் கும்பினியார் என்றும் வழங்கினர். சொற்பிறப்பின்படி கும்பினி என்பது ரொட்டியை உடனுண்போர் கூட்டம். ஈழத்தமிழரின் பாணும் தமிழகத்தாரின் கும்பினியும் 'பானிஸ்' என்னும் ஒரே இலத்தீன் சொல்லின் வழித்தோன்றல்கள். முன்னது போர்த்துகீசியர் வழியாகவும் பின்னது ஆங்கிலேயர் வழியாகவும் தமிழுக்கு வந்தன. ஒன்று உணவாகவே நின்றது, மற்றொன்று ஆட்சியாகியது.

1858-இல் கும்பினியின் ஆட்சி முடிவுற்று இந்தியா முடியரசின் நேரடி ஆளுகைக்குள் வந்தது. தாது வருடப் பஞ்சம் எனத் தமிழர் நினைவில் நிற்கும் 1876-78 பஞ்சத்தின்போது அரசப் பிரதிநிதியாக இருந்தவர் லார்டு லிட்டன். 1877 ஜனவரி 1 அன்று விக்டோரியாவைப் பேரரசியாக அறிவிக்கும் பெருவிழா அவரது தலைமையில் தில்லியில் நடைபெற்றது. அவ்வாண்டின் தொடக்கத்தில் சென்னை மாகாணத்தின் நிவாரணப் பணிகளில் உழைத்த ஆடவர்க்குரிய நாட்கூலி, ரிச்சர்டு டெம்பிளின் பரிந்துரையால், ஒரு பவுண்டு தானியமும் சிறு காசும் என்னும் அளவுக்குக் குறைக்கப்பட்டது. ஒரு பவுண்டு என்பது ஏறத்தாழ 450 கிராம். கடும் உடலுழைப்புக்கு இவ்வளவு போதாது என மாகாணச் சுகாதார ஆணையர் கார்னிஷ் எதிர்த்தார். பட்டினியுற்ற மக்களுக்குக் கஞ்சி வார்த்த இடங்களின் பெயராகிய கஞ்சித்தொட்டி என்பது தமிழ் வழக்கில் நிலைத்தது.

ரொட்டி காப்போன் என்னும் மூலப்பொருளுடைய பட்டத்தை ஏந்தியவரின் ஆட்சியில் உணவின் அளவு இவ்வாறு குறைக்கப்பட்டது என்பது பின்னோக்கிப் பார்ப்போர்க்குப் புலப்படும் முரண். அதனைக் கையாள்வதில் கவனம் தேவை. 1877-இல் 'லார்டு' என்று கூறிய எவரும் ரொட்டியை நினைத்திருக்க இயலாது. ஒரு சொல்லின் பிறப்புப்பொருளை அதன் உண்மைப்பொருளாகக் கொண்டு ஒருவரைக் குற்றம் சாட்டுதல் ஆய்வு நெறியன்று. புதைவு வகை இருபொருள் வரலாற்றாய்வாளர்க்கு உணர்த்துவது வேறு: ஒரு பதவி எந்தக் கடமையினின்று தோன்றியது, அக்கடமை பதவியிலிருந்து எப்போது கழன்றது என்னும் வினாக்களை அது எழுப்புகிறது. விடை சொல்லில் இல்லை. சட்டங்களிலும் கணக்குகளிலும் கூலி ஆணைகளிலும் உள்ளது.

8. மீண்டெழும் பொருள்

சொல்லளவில் புதைந்த உறவு மக்கள் மனத்திலும் புதைந்துபோகவில்லை என்பதற்குப் பிரான்சின் வரலாறு சான்று தருகிறது. 1789 அக்டோபர் 5 அன்று ரொட்டித் தட்டுப்பாட்டால் சினமுற்ற பாரிசுப் பெண்கள் வெர்சாய் அரண்மனைக்கு அணிவகுத்துச் சென்றனர். மறுநாள் அரச குடும்பம் பாரிசுக்கு அழைத்துவரப்பட்டது. ரொட்டிக்காரனையும் ரொட்டிக்காரியையும் அவர்தம் கடைச்சிறுவனையும் அழைத்து வருவதாக மக்கள் கூவினர் என்பது பரவலாகப் பதிவான செய்தி. மன்னன், அரசி, இளவரசன் ஆகிய மூவரும் அடுமனைக் குடும்பமாகச் சுட்டப்பட்டனர். பிரெஞ்சுச் சொல்லின் பிறப்பில் இதற்கு எவ்வித அடிப்படையும் இல்லை. ஆங்கிலம் மறந்துவிட்ட 'ரொட்டி காப்போன்' என்னும் கருத்தைப் பிரெஞ்சு மக்கள் தம் மொழியில் புதிதாக ஆக்கினர். மன்னன் என்பவன் ரொட்டிக்குப் பொறுப்பானவன். அருகில் இருந்தால் ரொட்டி கிடைக்கும். எள்ளலும் எதிர்பார்ப்பும் அச்சொல்விளையாட்டில் ஒருங்கே நின்றன.

ரொட்டி இல்லையேல் கேக் உண்ணட்டும் என்று அரசி மேரி அந்துவானெத் கூறியதாக வழங்கும் கூற்று இதன் மறுபக்கம். ரூசோ தம் தன்வரலாற்றில் பெயர் குறிப்பிடாத இளவரசி ஒருத்தியின் கூற்றாக இத்தகைய ஒன்றைச் சுட்டுகிறார். அப்பகுதி 1760-களில் எழுதப்பட்டது. 1755-இல் பிறந்த மேரி அந்துவானெத் 1770-இல்தான் பிரான்சுக்கு வந்தார். மூலத்தில் உள்ளது கேக்கன்று. முட்டையும் வெண்ணெயும் சேர்ந்த பிரியோஷ் என்னும் செறிந்த ரொட்டி. இதனைக் கேக் என மொழிபெயர்த்தபோது, ரொட்டிக்குள்ளேயே ஏழையின் ரொட்டி, செல்வரின் ரொட்டி என இருந்த வேறுபாடு மறைந்தது.

எகிப்திய அரபு இன்னும் தெளிவான சான்று. அரபு மொழியில் பரவலாக ரொட்டியைக் குறிக்கும் சொல் 'குப்ஸ்'. எகிப்தியப் பேச்சுவழக்கிலோ 'அய்ஷ்' என்பர். வாழ்தல் என்னும் வேரடியாகப் பிறந்த அச்சொல்லுக்கு வாழ்வு என்பது நேர்ப்பொருள். வளைகுடா நாடுகளின் பேச்சுவழக்கில் இதே சொல் சோற்றைக் குறிப்பது, முதன்மை உணவு எதுவோ அதுவே வாழ்வின் பெயரைப் பெறுகிறது என்பதைக் காட்டும். 1977 ஜனவரியில் எகிப்திய அரசு உணவு மானியங்களைக் குறைப்பதாக அறிவித்தவுடன் 18, 19 ஆகிய நாள்களில் பெருங்கிளர்ச்சி வெடித்தது. அரசு ஆணையைத் திரும்பப் பெற்றது. 2011-ஆம் ஆண்டுப் புரட்சியின் முழக்கம் அய்ஷ், விடுதலை, சமூக நீதி என்னும் மூன்றையும் கோரியது. முதற்சொல் ரொட்டி என்றும் வாழ்வு என்றும் ஒருங்கே ஒலித்தது. இங்குச் சொல்லின் இரு பொருளும் பேசுவோர்க்கு வெளிப்படை. ஆகவே இது உயிர்ப்பு நிலை இருபொருள்.

9. முடிவுரை

ரொட்டிச் சொற்களின் இருபொருள் நிலை ஒரே தன்மையுடையதன்று. பாண், லோஃப் ஆகியவற்றின் இருபொருள் ஒலியால் நேர்ந்த தற்செயல். அதனைக் கொண்டு சமூக உறவு எதனையும் நிறுவ இயலாது. லார்டு, லேடி, கம்பெனி ஆகியவற்றில் உணவிட்ட உறவும் உடனுண்ட உறவும் புதைந்துள்ளன. பிரெஞ்சு மக்களின் 'ரொட்டிக்காரன்' என்னும் சுட்டிலும் எகிப்தியரின் 'அய்ஷ்' என்னும் முழக்கத்திலும் அவ்வுறவு பேசுவோரின் அறிவோடு செயற்பட்டது.

டோஸ்ட் ஒன்றே இம்மூன்றில் இரு நிலைகளைக் கடந்து வந்தது. ஸ்டீல் காலத்தில் உயிர்ப்புடன் இருந்த சிலேடை, வாழ்த்துரை என்னும் பொருளில் புதைவாயிற்று. வளமான மேசைகளில் ரொட்டியின் பொருள் எளிதில் மறக்கப்பட்டது. வெற்று மேசைகளைக் கண்ட மக்கள் அதே பொருளை மீண்டும் ஆக்கிக்கொண்டனர். சொல் மறந்ததை மக்கள் மறக்கவில்லை என்பதே இவ்வொப்பீட்டால் பெறப்படும் முடிவு.

செஞ்சோற்றுக் கடன் என்னும் தமிழ்த் தொடர் இக்கோணத்தில் மேலும் ஆராயத்தக்கது. சோறு அதில் வெளிப்பட நிற்பதால் உண்டவனின் கடன் மறக்கப்படாமல் தொடர்ந்து வலியுறுத்தப்பட்டு வந்துள்ளது. உணவிட வேண்டியவனின் கடனைச் சுட்டுவதற்கு அதற்கு நிகரான தொடர் தமிழில் எவ்வளவு வலுவாக வழங்கியது என்பது, பெருஞ்சோற்றுநிலை முதல் கஞ்சித்தொட்டி வரையுள்ள சொற்களைக் காலவரிசையில் தொகுத்து ஆராய்வார்க்கு உரிய வினாவாகும்.